கை இறங்கும் வரை

புதுக் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்புச் செய்வார்கள். கேமராவின் பாடியைத் தேடித் தேடி வாங்கிவிட்டு, மிச்சக் காசில் ஏதோ ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பாடி நாலு வருஷத்தில் பழசாகிவிடும். லென்ஸ் அப்படியில்லை. ஓர் ஆளுக்கு எவ்வளவு கிட்டே நிற்கப்போகிறோம் என்பதை முடிவு செய்வது லென்ஸ்தான்.

அதனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, புவான் ரமணி. பதினெட்டு நாளாக உங்கள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்கள். எத்தனை மணிக்கு ஏறியது, எவ்வளவு ஆழம், ஏன் கத்தவில்லை. கேட்டுவிட்டு, "பாவம் இந்தப் பிள்ளை, கண்ணு முன்னாலயே போயிட்டாரு" என்று மைலோ வாங்கிக் கொடுத்தார்கள். நீங்கள் ஒருவர்தான் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கல்யாணம் எடுக்குற பிள்ளைக்குப் பறவை லென்ஸ் எதுக்கும்மா?" என்று கேட்டீர்கள்.

சொல்கிறேன். கால் ஆடுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். அது பயம் இல்லை. சின்ன வயசிலிருந்தே என்னால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. கேமராவைக் கண்ணில் வைத்தால் மட்டும்தான் என் உடம்பு அடங்கும்.

என் பெயர் துளசி. அப்பா பெயர் ஐயாவு. நான் ஐந்தாம் படிவம் முடிப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். அம்மா லீலாவதி, புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கினாள். குலையை வெட்டித் தள்ளும்போது சிதறுகிற பழங்களைக் குனிந்து குனிந்து மூட்டையில் போடுகிற வேலை. அந்த முதுகை வைத்துத்தான் என்னை யுனிவர்சிட்டிக்கு அனுப்பினாள். எங்கள் லயத்தில் முதல் பட்டதாரி நான். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அது ஒரு தகவல்.

பட்டத்தை வைத்துக்கொண்டு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் எட்டு மாதம் இருந்தேன். ஆள் எடுக்கிற பிரிவு. பங்களாதேஷ்காரர்களின் பாஸ்போர்ட்டை எண்ணி அலமாரியில் பூட்டுகிற வேலைக்கு எதற்குப் பட்டம் என்று தெரியவில்லை. விட்டுவிட்டு ஊருக்கு வந்து, கோலசிலாங்கூரில் திவாகரன் அண்ணனின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அவர் எடுப்பார், நான் இரண்டாவது கேமரா. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் திருவிழா. சபாக் பெர்ணாமிலிருந்து ஈஜோக் வரைக்கும் எங்கள் கடைதான்.

திவாகரன் அண்ணன் கெட்டவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் நான் சாப்பிட்டேனா என்று பார்க்காமல் அவர் இலையில் உட்கார மாட்டார். ஆனால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்னா டிகிரி, சாப்டியா?" "டிகிரி, அந்த லைட்டத் தூக்கு." கல்யாண வீட்டில் நூறு பேருக்கு முன்னால், "நம்ம டிகிரி இருக்கே, படிச்சதெல்லாம் இந்தக் குடை லைட்டு புடிக்கத்தான் லா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நான் எடுத்த படம், அவர் எடுத்த படம், எல்லாம் ஒரே ஃபோல்டரில் போகும். ஃபோல்டருக்குத் தேதி மட்டும்தான் பெயர். வெளியே வரும்போது எல்லாப் படத்திலும் வலது மூலையில் வெள்ளை எழுத்தில் ஒரே பெயர் இருக்கும். திவாகரன் ஸ்டூடியோ.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. குடும்பப் படம் எடுக்கும்போது இடது கையை உயரத் தூக்குவார். கை மேலே இருக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. பொண்ணு, மாப்பிள்ளை, மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற தலைவர், யாராக இருந்தாலும் சரி. கை இறங்கினால்தான் மூச்சு விடலாம். "கை எறங்குற வரைக்கும் கல்லு மாதிரி நிக்கணும். அசைஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து." எனக்கும் அதையேதான் பழக்கினார். ஆறு வருஷம் அந்தக் கையைப் பார்த்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். பேச்சே தேவைப்படாது.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முந்திய படங்களைச் செம்பனைக்குள் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. திவாகரன் அண்ணன் எங்கள் தோட்டத்துக்கே கூட்டிப்போனார். காலை ஏழரை. அன்றைக்குக் கடையில் இருந்தது ஒரே மாதிரியான இரண்டு பழைய டி.எஸ்.எல்.ஆர். அவரிடம் ஒன்று, பெரிய ஜூமோடு. என்னிடம் ஒன்று, முப்பத்தைந்தோடு. முப்பத்தைந்து என்றால் சின்ன லென்ஸ். ஓர் ஆளை எடுக்க வேண்டுமென்றால் அவர் மூச்சு நம் மேல் படுகிற தூரத்துக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

ஜோடி காரில் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில் அம்மா பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப் போய் எதிரில் நின்றேன். "ஏண்டி, இந்தக் கோலத்துலயா எடுக்குற?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டுச் சிரித்தாள். நான் எட்டோ ஒன்பதோ எடுத்தேன்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிள்ளானில் ஒரு பேரங்காடியில் தோட்டத்து முகங்கள் என்று போட்டி வைத்து, முதல் பரிசு கொடுத்து, ஆள் உயரத்துக்குத் தொங்கவிட்டார்கள். அம்மாவுக்குப் பின்னால் செம்பனை வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைச் சுவர் மாதிரி நிற்கும். அம்மாவின் தோளில் மூட்டை. கன்னத்தில் துடைத்தும் போகாத ஒரு மண் கோடு. கண் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் இடது பக்கமாகச் சிரிக்கும். அவளுக்குக் கேமராவை நேராகப் பார்க்க எப்போதும் கூச்சம்.

படத்துக்குக் கீழே போட்டிருந்த பெயர் திவாகரன்.

பரிசு ஒரு மிரர்லெஸ் கேமரா. பெட்டியோடு. அவர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். இனிமேல் பழசு எதற்கு என்று இரண்டாவது டி.எஸ்.எல்.ஆரை என் கையில் கொடுத்தார். "வச்சுக்க டிகிரி. உனக்கே உனக்கு." என் அம்மாவின் முகத்துக்குக் கிடைத்த புதுசு அவருக்கு, அவர் தேய்த்த பழசு எனக்கு. நான் தேங்க்ஸ் அண்ணே என்று சொன்னேன். அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

அம்மாவை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். "என்னா இவ்ளோ பெருசா இருக்கேன்," என்றாள். பிறகு கீழே பார்த்துவிட்டு, "திவா பேரு போட்டிருக்கு. நீதானே என் முன்னால நின்ன?" என்று கேட்டாள். நான், "அது கடைப் பேரும்மா," என்றேன். அம்மா அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் செத்துப்போனாள். மாரடைப்பு, அதே செம்பனை வரிசையில்.

கருமாதிக்கு வைக்க எங்களிடம் வேறு நல்ல படம் இல்லை. அந்தப் படத்தைத்தான் வைத்தோம், மூலையில் அந்த வெள்ளை எழுத்தோடு. நான் மாலையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு அந்தப் பெயரை மறைத்தேன். காற்றில் மாலை விலகிக்கொண்டே இருந்தது. ஐயர் மந்திரம் சொல்கிற நேரமெல்லாம் நான் எழுந்து எழுந்து மாலையைச் சரி செய்தேன். என் சித்தி, "ஒரு எடத்துல ஒக்காரு துளசி, பாக்குறவங்க என்னா நெனப்பாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அவரிடம் நான் கேட்காமல் இல்லை. மூன்று தடவை கேட்டேன். எனக்குப் பரிசு வேண்டாம். அந்தப் படம் துளசி எடுத்தது என்று ஒரு வரி எழுதிப் போட வேண்டும், ஃபேஸ்புக்கில் போட்டால்கூடப் போதும். முதல் இரண்டு தடவை, "அது நான் எடுத்தது லா," என்று சிரித்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை, போன வருஷம், கடையில் ஆல்பம் போடுகிற மகேந்திரன் முன்னால் வைத்துக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"டிகிரி, கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அது உன் லென்ஸ்ல வர்ற படமா?"

என் லென்ஸ் மட்டமானது என்று சொல்கிறார். மகேந்திரன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே வாயைப் பொத்திச் சிரித்தான்.

"அப்ப ஒரிஜினல் ஃபைலைக் காட்டுங்க அண்ணே. அதுல எல்லாம் பதிவாகியிருக்கும்."

"ஆறு வருஷமா சோறு போட்டவன் உனக்கு ப்ரூஃப் காட்டணுமா? அந்த கார்டு எங்க கெடக்கோ. வேலையப் பாரு."

அவர் காட்டவில்லை. காட்ட முடியாதவர்தான் அப்படிப் பேசுவார். எனக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

அன்றைக்குத்தான் நானும் மிரர்லெஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஐந்து மாதம் தேடினேன். வீட்டில் இருக்க முடியவில்லை. வேலை இல்லாத நாளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று கடலோர ரோட்டில் மேலே போவேன், திரும்பி வருவேன். வயல் பச்சையாக இருந்தது, பழுத்தது, அறுத்தார்கள், மறுபடி தண்ணீர் விட்டார்கள். நான் போய் வந்துகொண்டே இருந்தேன். வண்டியை நிறுத்தினால் போனில் கேமரா விமர்சனம் பார்ப்பேன். எது கண்ணை வேகமாகப் பிடிக்கிறது, எது சத்தம் போடாமல் எடுக்கிறது. பழைய கேமரா ஒவ்வொரு படத்துக்கும் டக்கென்று அடிக்கும், எடுத்தாயிற்று என்று எதிரில் நிற்கிறவருக்குத் தெரிந்துவிடும். புதுசில் அந்தச் சத்தத்தை நிறுத்திவிடலாம். எடுக்கிறோமா, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று யாருக்கும் தெரியாது.

பாடியைச் சீக்கிரம் முடிவு செய்துவிட்டேன். கோலாலம்பூரில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடை. லென்ஸில்தான் நின்றேன். கடைக்காரச் சீனர் நல்ல மனுஷர். முப்பத்தைந்தும் எண்பத்தைந்தும் எடுத்து மேஜையில் வைத்தார். கல்யாணத்துக்கு இது இரண்டும் போதும், கை வலிக்காது என்றார். நான் கண்ணாடிக்குள் இருந்த வெள்ளைக் குழாயைக் காட்டினேன். நூறு-நானூறு. அவர் சிரித்தார்.

"அமோய், இது பறவைக்கு லா. மாப்பிள்ளை என்ன மரத்துல உக்காந்திருக்கானா?"

எங்கள் ஊரில் பறவை அதிகம் என்றேன். அது பொய் இல்லை. கொக்கு இருக்கிறது, பருந்து இருக்கிறது, மீன்கொத்தி இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பறவைதான் எடுத்தேன். உங்களிடம் போன வாரம் சொன்னதும் அதுதான்.

நீண்ட லென்ஸில் இரண்டு விஷயம் நடக்கும். பின்னால் தள்ளி இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து ஆளின் முதுகோடு ஒட்டிவிடும். தூரம் தெரியாது. ஆழம் தெரியாது. இரண்டாவது, நாம் தள்ளி நிற்க வேண்டும். முப்பத்தைந்தில் ஏழு மீட்டரில் எடுக்கிற படத்தை நானூறில் எடுக்க எண்பது, நூறு மீட்டர் தேவை. அவ்வளவு தூரத்தில் பேச முடியாது. கையைத்தான் காட்ட வேண்டும்.

கேமரா வாங்குவதற்கு முன்பே கடலின் ஏற்றவற்ற அட்டவணையை அச்செடுத்து வைத்திருந்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம். முந்திய மாதமே.

சுங்கை பெசாரில் இரண்டாவது கடை திறக்கப்போவதாகத் திவாகரன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் பெரிய பேனர் வைக்க வேண்டும், அதில் அவர் படம் வர வேண்டும். ஸ்கை மிரரில் எடுத்தால் என்ன அண்ணே என்று நான்தான் சொன்னேன். நீங்கள் போயிருப்பீர்கள். சசாரானிலிருந்து படகில் போனால் நடுக்கடலில் ஒரு மணல் திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாளில் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரியும். கணுக்கால் அளவு தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். வானத்தின் மேல் நிற்கிற மாதிரி படம் வரும்.

"நீயே எடு டிகிரி," என்றார். "உன் புதுசு எப்படி இருக்குன்னு பாப்போம்."

மற்ற படகுகள் வராத நாளாகத் தேர்ந்தெடுத்தேன், வாரநாள். ஒரு வயசான மலாய்க்காரர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், அவருடைய சின்னப் படகு. போகும்போது திவாகரன் அண்ணன் சந்தோஷமாக இருந்தார். கறுப்பு கோட்டு, பரிசுக் கேமரா கழுத்தில். தன் பையைத் தட்டிக் காட்டி, "ஷூட் முடியட்டும், ஒனக்கு ஒண்ணு காட்டணும். ஸ்டோர் ரூமைக் காலி பண்றப்ப கெடச்சிச்சு. பாத்துட்டு நீயே சிரிப்ப," என்றார். ஏதோ பழைய ஆல்பம் என்று நினைத்தேன். "அப்புறம் பாக்கலாம் அண்ணே, வெளிச்சம் மாறிடும்," என்றேன்.

பாக்சிக் எங்களை இறக்கிவிட்டார். இன்னொரு குழுவை வேறிடத்துக்குக் கொண்டுபோக அவர் படகுத்துறைக்குத் திரும்ப வேண்டும். பதினொரு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார். போவதற்கு முன் கையை நீட்டி ஒன்று சொன்னார். திட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது, பத்தரைக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது, தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தில்தான் ஏறும், இழுக்கும். மலாயில் தெளிவாகச் சொன்னார். எனக்கு நன்றாகப் புரிந்தது. திவாகரன் அண்ணன் அப்போது முன்னால் போய் கோட்டுக் கையைச் சரி செய்துகொண்டிருந்தார். "அபாங்கிட்டயும் சொல்லிடு," என்று அண்ணனைக் காட்டினார் பாக்சிக். சரி என்று தலையாட்டினேன். அந்த மனுஷர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த முதல் காரியம்.

இரண்டாவது, மிதவை ஜாக்கெட். ஆரஞ்சுக் கலர் பேனரில் நன்றாக இருக்காது அண்ணே, கோட்டையும் மறைக்குது என்றேன். கழற்றி என் கையில் கொடுத்தார். என்னுடையதை நான் கழற்றவில்லை.

மூன்றாவது, லென்ஸ். நூறு-நானூறை மாட்டினேன். பார்த்துவிட்டு, "என்னாத்துக்கு இவ்ளோ பெருசு? குருவி புடிக்கவா வந்தோம்?" என்று கேட்டார். நிழலும் முழுசாக விழணும் அண்ணே, பின்னால வானம் கிட்ட வரும், பேனருக்கு அது நல்லாருக்கும் என்றேன். அவருக்குத் தொழில் தெரியும். நான் சொன்னது சரி என்று தெரியும். தானே பின்னால் நடந்தார். பள்ளத்தில் அப்போது முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடந்தார். திரும்பிப் பார்த்தார். இன்னும் என்று கை காட்டினேன். இன்னும் போனார்.

முதல் படம் ஒன்பது ஐம்பத்திரண்டு. கார்டு உங்களிடம்தான் இருக்கிறது, நேரம் எல்லாம் அதில் இருக்கும். முதல் இருபது நிமிஷத்தில் எடுத்தவை மிக நல்ல படங்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள் என்று சொல்வேன்.

பத்து மணி வாக்கில் தண்ணீர் திரும்பியது. சத்தம் இல்லை. மேலே வானம், கீழே வானம். எல்லா இடமும் ஒரே வெள்ளை. எங்கே கணுக்கால், எங்கே இடுப்பு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். பத்து இருபத்தைந்துக்குக் கேமராவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, போதுமா என்று சைகை காட்டினார்.

நான் இடது கையைத் தூக்கினேன்.

அவர் நின்றார். கல்லு மாதிரி நின்றார், ஆறு வருஷம் எல்லாரையும் நிற்க வைத்தவர். ஒரு தடவை ஏதோ கத்தினார், காற்று எதிர்ப் பக்கம் அடித்ததால் "டிகிரி" என்பது மட்டும் கேட்டது. கையை இறக்கவில்லை. என் வலது கை விரல் ஷட்டரில்கூட இல்லை. சத்தம் வராத கேமரா, அவருக்கு எப்படித் தெரியும். தோள் வலித்தது, ஆனாலும் மேலேயே வைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார முடியாத நான் அன்றைக்குப் பதினேழு நிமிஷம் அசையவில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்கள், எவ்வளவு நேரம் என்று.

பத்து நாற்பத்திரண்டுக்குக் கையை இறக்கினேன். வாங்க அண்ணே என்று கை காட்டினேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்து வந்தார். வந்த வழியிலேயே வந்தார், வேறு வழி அவருக்குத் தெரியாது. பள்ளத்தில் இறங்கினார். இடுப்பு. நெஞ்சு. நீச்சல் தெரியாது, தோட்டத்துப் பிள்ளைகள் யாருக்குத் தெரியும். கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார், அது நனையக் கூடாது என்று. அதைக் கைவிட்டிருந்தால் இரண்டு கையும் கிடைத்திருக்கும். அது என் தப்பில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை. துளசி, துளசி என்று.

நான் அந்தக் கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்னப் பச்சைக் கட்டம் கண் மேல் உட்காரும், ஆள் எங்கே நகர்ந்தாலும் கூடவே போகும். விமர்சனத்தில் எல்லாரும் சொல்வார்கள், விடவே விடாது என்று. உண்மைதான். பத்து ஐம்பத்துநாலு வரைக்கும் விடவில்லை. பிறகு கட்டம் இங்கேயும் அங்கேயும் ஓடித் தேடியது. தண்ணீர் மேல் தேடியது, மேகத்தில் தேடியது. பிறகு காணாமல் போனது.

பாக்சிக் பதினொரு மணிக்குச் சரியாக வந்தார். அவர் தண்ணீரில் குதித்துத் தேடியதும், மறுநாள் கண்டல் மரத்தோரம் உடல் கிடைத்ததும் உங்களுக்குத் தெரியும். திவாகரன் அண்ணனின் பை படகிலேயே கிடந்தது. அதை நான் தொடவில்லை.

நித்தியா அக்கா, அவர் மனைவி, சாவு வீட்டில் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆயிரம் பேரை எடுத்த மனுஷனுக்குத் தன்னோட படம் ஒன்றுகூட நல்லதாக இல்லையே என்றாள். பத்து மணிக்கு எடுத்த ஒன்றை நானே அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். வானத்துக்கு நடுவே கறுப்புக் கோட்டில் நிற்கிற படம். வந்தவர்கள் எல்லாரும் அசந்து போனார்கள். வலது மூலையில் வெள்ளை எழுத்தில் துளசி ஐயாவு என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்தது என்று சொன்னீர்கள். மாலை அந்தப் பெயரை மறைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அது விபத்து இல்லை. நாள் பார்த்து, இடம் பார்த்து, லென்ஸ் பார்த்து நான்தான் செய்தேன். என் அம்மாவின் முகத்தை அவர் எடுத்துக்கொண்டார், அதற்காகச் செய்தேன். மூன்று தடவை கேட்டேன், ஒரே ஒரு வரி. அதை எழுதியிருந்தால் இன்றைக்கு சுங்கை பெசாரில் கடை திறந்திருப்பார்.

இது என்ன புவான், மேஜையில் வைக்கிறீர்கள்.

அவர் பையில் இருந்த கார்டா. மஞ்சள் ஸ்டிக்கரில் தேதி எழுதியிருக்கிறது, அவர் கையெழுத்துதான். அச்செடுத்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆமாம், இது அந்தப் படம்தான், வெட்டாத முழுப் படம். அம்மா. செம்பனைச் சுவர்.

இந்தக் காகிதத்தில் இருப்பது கேமரா தானே எழுதி வைப்பது. எந்த லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாம் வரும். இருநூறு என்று போட்டிருக்கிறது.

என்னிடம் முப்பத்தைந்துதான் இருந்தது.

படத்தின் இடது ஓரத்தில் யார் என்று கேட்கிறீர்கள். போட்டிக்கு அனுப்பும்போது இந்த ஓரத்தை வெட்டியிருக்கிறார். முதுகுதான் தெரிகிறது. பின்னல், நீலச் சட்டை, முழங்கையை மடக்கிக் கண்ணில் கேமராவை வைத்திருக்கிற ஒரு பெண். என் நீலச் சட்டை அது. கார்ப் பக்கம் நின்று எடுத்திருப்பார். அவர் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

இல்லை, தண்ணீர் வேண்டாம். நான் சொன்னதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நன்றாகப் பாருங்கள் புவான், அம்மாவின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இது என் படம்.